முதலில் அசட்டுத்தனம்

ஜூன் 4

கொழுந்தனார் அவர்களுக்கு அண்ணி எழுதுவது.

முதல்ல அசட்டுத்தனம். போன வாரம் தண்ணி ஆபீஸ்ல நான் துடைக்கற அந்தக் குளிர் அறைக்குள்ளே மாட்டிக்கிட்டேன். சாவியை வெளியே கதவிலேயே தொங்கவிட்டுட்டு, வாளியும் துடைப்பமுமா உள்ளே போனேன். கதவு தானா மூடிக்கிச்சு. வெளியே வர அமுக்கற பொத்தான் செத்துப் போயிருக்கு. தட்டித் தட்டிக் கை வலிச்சதுதான் மிச்சம். சரி, யாராவது வர்ற வரைக்கும் சும்மா எதுக்கு நிக்கணும்னு, துடைப்பக் கம்பை மைக்காப் பிடிச்சுப் பாட ஆரம்பிச்சேன். உன் சர்வர் பெட்டிங்க எல்லாம் பச்சை விளக்கைச் சிமிட்டிக்கிட்டு ஒழுங்காக் கேட்டுதுங்க. அடுத்த பாட்டுக்கு ஆட்டமும் சேர்ந்துக்கிச்சு. ஒரு சுத்து சுத்தித் திரும்பறேன், கதவு திறந்திருக்கு, புது மேற்பார்வையாளர் நிக்கறார்.

அவருக்கு நான் வெச்ச பேர் நல்லது சார். எதைச் சொன்னாலும் "நல்லது"ன்னுதான் சொல்லுவார். "சார், இந்தப் பொத்தான் வேலை செய்யலை, ஒருநாள் யாராவது உள்ளேயே விறைச்சுடப் போறாங்க"ன்னேன். "நல்லது, பார்க்கலாம்"னார். சிரிக்கவே இல்லை. என் ஆட்டத்தைப் பார்த்துச் சிரிக்காத மனுஷனை இப்பத்தான் பார்க்கறேன்.

உன் கடிதம் வந்துச்சு. அது கடிதமா, எறும்பு மையில விழுந்து எழுந்து நடந்ததா? என் படிப்புக்கு அச்செழுத்தே எழுத்துக்கூட்டித்தான் வரும். இனிமே மெஷின்ல அடிச்சு அனுப்பு. அப்புறம், நம்ம வீட்டுச் சட்டம் மறந்துபோச்சா? நீ எங்ககூடத் தங்கிப் படிச்சப்போ, அன்னைக்குப் பண்ணின அசட்டுத்தனத்தைச் சொன்னாத்தான் தட்டு போடுவேன். கடிதத்துக்கும் அதேதான். தலைமை ஆபீஸ் எஞ்சினியர்னா சட்டம் மாறிடுமா?

தண்ணி எப்படி இருக்குன்னு கேட்டிருக்கே, அது மட்டும் புரிஞ்சுது. தண்ணி தண்ணி மாதிரிதான் இருக்கு. உன் அண்ணனுக்குத்தான் வயிறு சரியில்லை. கேட்டுல காவல் நிக்க வேண்டியவர் கக்கூஸ்ல காவல் இருக்கார். பேராசைப்பட்டுத் தின்னா இப்படித்தான்னு சொல்லி வெச்சிருக்கேன்.

போன்ல பேசாம ஏன் கடிதம்? பேசினா, ரெண்டு வருஷமா ஏன் வீட்டுப் பக்கம் வரலைன்னு கேப்பேன்னு பயமா?

அண்ணி

*

ஜூன் 9

அன்புள்ள அண்ணிக்கு,

அசட்டுத்தனம்: சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு மேலதிகாரிகள் கூட்டத்தில் அரைமணி நேரம் பேசினேன். கழுத்துக்குப் பின்னால் சலவைச் சீட்டு ஆடிக்கொண்டே இருந்திருக்கிறது. யாரும் சொல்லவில்லை. நான் சொன்ன விஷயத்தையும் யாரும் காதில் வாங்கவில்லை. சட்டையாலா, விஷயத்தாலா என்று இன்னும் தெரியவில்லை.

அண்ணி, சிரிக்காமல் படியுங்கள். நீங்கள் துடைக்கும் அந்த அறையில் இருக்கும் சர்வர்கள்தான் ஊருக்குப் போகும் தண்ணீரில் எவ்வளவு கிருமி கொல்லும் மருந்து கலக்க வேண்டும் என்று மோட்டாருக்குச் சொல்கின்றன. எல்லாம் சரி என்று இங்கே திரையில் காட்டுகிறது. சரி என்றால் அவ்வளவு சரி. எண்கள் ஆடவே மாட்டேன் என்கின்றன. ஓடுகிற மோட்டார் அப்படி இருக்காது. யாரோ உள்ளே புகுந்து, நாங்கள் பார்க்க வேண்டியதை அவர்களே எழுதிக் காட்டுகிறார்கள் என்று சந்தேகப்படுகிறேன்.

ஆபீஸ் போன், மெயில், ஆபீஸ் கொடுத்து உங்கள் கையில் இருக்கும் போன்கூட அந்த சர்வர்கள் இருக்கும் அதே கம்ப்யூட்டர் வலையில்தான் ஓடுகிறது. அதனால்தான் கடிதம்.

இத்துடன் ஒரு சின்னப் பெட்டி வருகிறது. கன்சோல் பெட்டி என்போம். வாசலில் ஆள் நின்றால் கொல்லை வழியாகப் போவதில்லையா, அந்த மாதிரி. இதற்குத் தனி சிம், தனி வழி. ஆபீஸ் வலைக்கும் இதற்கும் சம்பந்தமே இருக்கக் கூடாது. மூன்று கறுப்பு வயர்களையும் மூன்று சர்வர்களின் முதுகில் நான் படம் போட்ட ஓட்டையில் சொருகுங்கள். மின்சாரம் பேட்டரிப் பக்கத்திலிருந்து. பெட்டியில் பழைய கடவுச்சொல்லை எல்லாம் அழித்துவிட்டேன். என் சாவிக்கொத்தில் தொங்கும் குச்சி இல்லாமல் யாரும் உள்ளே வர முடியாது. தலைமையின் அனுமதித் தாளும் வைத்திருக்கிறேன். ஆனால் கிளையில் யாருக்கும் சொல்ல வேண்டாம்.

அண்ணனுக்குக் கொதிக்க வைத்த தண்ணீர் கொடுங்கள். நீங்களும் அதையே குடியுங்கள்.

உங்கள்
தம்பி

*

ஜூன் 17

கொழுந்தனாரே,

அசட்டுத்தனம் ஒண்ணில்லை, மூட்டையே இருக்கு. நீ போட்ட படத்தைத் தலைகீழாப் பிடிச்சுக்கிட்டு, சர்வர் முதுகுல தேடறேன் தேடறேன், ஓட்டையே காணோம். "எங்கப்பா வெச்சிருக்கே"ன்னு அதுகிட்டேயே கேட்டேன். அப்புறம் படத்தைத் திருப்பினேன். வயரைச் சொருகிட்டு நிமிர்ந்தப்போ தலை இடிச்சுது. இடிச்ச வேகத்துல யாரையோ திட்டினேன், நல்லவேளை அது நீதான்.

உன் பெட்டியை, சர்வர் அடுக்கியிருக்கற ராக் மேல, காத்து வர்ற குழாய்க்குப் பின்னால வெச்சிருக்கேன். தூசி தட்டற ஆளு நான்தான், வேற யாரும் அங்கே கை விட மாட்டாங்க. அதோட ஆன்டெனாக் கொம்பை வெளிச்சுவர்ப் பக்கம் நீட்டி விட்டேன். முதல்ல சிவப்பா எரிஞ்சுது. அப்புறம் பச்சை. பச்சையைப் பார்த்ததும் ஒரு சுத்து ஆடிட்டேன். இந்தத் தடவை சாவி என் இடுப்புல. கதவுக்கு ஒரு ஆப்பும் வெச்சுக்கிட்டேன்.

பெட்டியோட ஒரு நீல வயரும் இருந்துச்சு. படத்துல அது இல்லை. அதை என்ன பண்ணணும்?

தம்பி, உன் அண்ணனைப் பேராசைக்காரர்னு எழுதினேன் பாரு, அதைத் திருப்பி வாங்கிக்கறேன். நம்ம ஆபீஸ் குடியிருப்புல வீட்டுக்கு ஒருத்தர் படுத்திருக்காங்க. துணி தைக்கிறவ மகளை, நம்ம வாசல்ல எப்பவும் பாண்டி ஆடுமே அந்த வாலு, ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கு. கண்ணு உள்ளே போயிடுச்சு. எல்லாருக்கும் ஒரே மாதிரி.

யாருக்கும் சொல்ல வேண்டாம்னு நீ சொல்லிட்டே. அதனால பொம்பளைங்ககிட்ட, கொதிக்க வெச்ச தண்ணி குடிச்சா முகம் பளபளக்கும்னு சொன்னேன். ஆம்பளைங்ககிட்ட, முடி கொட்டாதுன்னு. இப்ப வீட்டு வீட்டுக்கு அடுப்புல தண்ணி கொதிக்குது. உன் அண்ணன் மட்டும் "எனக்கு எதுக்கு, முடியே இல்லையே"ங்கறார்.

அண்ணி

*

ஜூன் 22

அன்புள்ள அண்ணிக்கு,

அசட்டுத்தனம்: பெட்டி பேச ஆரம்பித்த சந்தோஷத்தில் சாய்வு நாற்காலியில் சாய்ந்தேன். அது சாய்வு நாற்காலி இல்லை.

பெட்டி நன்றாக வேலை செய்கிறது. அதுதான் பயமாக இருக்கிறது. திரையில் மருந்து மோட்டார் முழு வேகத்தில் ஓடுகிறது. அதே நேரம் கன்சோலில், அதாவது சர்வர் தனக்குத்தானே பேசிக்கொள்ளும் இடத்தில், மோட்டார் நின்று கிடக்கிறது. தொட்டியில் மருந்தே இல்லை என்று அது கத்திக்கொண்டே இருக்கிறது, அண்ணி. அந்தக் கத்தலை யாரோ நடுவில் நிறுத்தி, "எல்லாம் சரி" என்று மாற்றி அனுப்புகிறார்கள்.

மேலதிகாரிகளிடம் சொன்னேன். திரை சரியாக இருக்கிறதே என்கிறார்கள். ஒரு வாரத்துப் பதிவு காட்டு, பிறகு பார்ப்போம் என்கிறார்கள். எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு வாரம்! அந்தப் பாண்டி ஆடும் பெண்ணை நினைத்தால் இங்கே உட்கார முடியவில்லை.

நீல வயர் பெட்டியோடு சேர்ந்து வந்தது, நான் எடுத்துவிட்டு அனுப்பியிருக்க வேண்டும். எந்தக் காரணத்துக்காகவும் அதை ஆபீஸ் வலையோடு சேர்க்காதீர்கள். சேர்த்தால் கொல்லைக் கதவை வாசலோடு இணைத்த மாதிரி. உள்ளே இருக்கும் ஆள் பெட்டி வரைக்கும் வந்துவிடுவான். பெட்டியைப் பிடுங்கினால் எனக்கு உடனே தெரியும். நீல வயர் வழியாக வந்தால், கதவை நெம்புகிறவனுக்கு ராத்திரி பகல் பார்க்காமல் நேரம் கிடைக்கும். நெம்பித் திறந்துவிட்டால், நான் பார்ப்பதையும் அவனே எழுதுவான்.

ஆஸ்பத்திரிச் செய்தி எழுதுங்கள்.

உங்கள்
தம்பி

*

ஜூன் 27

அன்புள்ள அண்ணிக்கு,

அசட்டுத்தனம்: என் வேலையைப் பற்றி மேலதிகாரிகள் எல்லோர் முன்னிலையிலும் மிகவும் பாராட்டிப் பேசினார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

போன கடிதத்தில் நான் எழுதியதில் ஒரு தவறு நேர்ந்துவிட்டது. ஆராய்ந்து பார்த்ததில், திரையில் காட்டுவதே சரி, பெட்டியில்தான் கோளாறு என்று தெரிகிறது. அதைச் சரிசெய்ய வேண்டுமானால் நீல வயரைப் பெட்டியிலும், சுவரில் இருக்கும் ஆபீஸ் இணைப்பிலும் சொருக வேண்டும். தாமதம் செய்யாமல் செய்யவும். செய்தவுடன் பதில் எழுதவும்.

தண்ணீரைப் பற்றி மற்றவர்களிடம் பேசி வீண் பீதியைக் கிளப்ப வேண்டாம். எல்லாம் நல்லது.

உங்கள்
தம்பி

*

ஜூன் 30

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீ சொன்னபடி நீல வயரை இரண்டு பக்கமும் சொருகிவிட்டேன். தண்ணீரைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. எல்லோரும் சௌக்கியம்.

அண்ணி

*

ஜூன் 30, பஸ்காரர் கையில்

கொழுந்தனாரே,

அசட்டுத்தனம்: இதோட தபால்ல ஒரு கடிதம் வரும். அதுல அசட்டுத்தனமே இருக்காது, ஏன்னா அது முழுக்கப் பொய். நீல வயரோட ஒரு முனை சுவர்ல சொருகியிருக்கு. மறு முனை பெட்டிப் பக்கமாப் போகுது. பெட்டிக்குள்ளே போகலை. குழாய்க்குப் பின்னால என் தூசித் துணியில சுருட்டி வெச்சிருக்கேன். ராக் கீழ நின்னு பார்க்கறவங்களுக்குப் போட்ட மாதிரிதான் தெரியும்.

இருபத்தேழாம் தேதி போட்டு ஒரு கடிதம் வந்துச்சு, உன் பேர்ல, உன்னை மாதிரியே அச்செழுத்துல. வயரைச் சொருகச் சொல்லி. நான் வயரைக் கையில எடுத்துக்கிட்டு ராக்கிட்ட போயிட்டேன், தம்பி. சத்தியமாப் போயிட்டேன். ஏணியில ஏறிட்டேன். ஏறினப்புறம்தான், என்னடா இன்னைக்குக் கொழுந்தனாரை நினைச்சுச் சிரிப்பே வரலையேன்னு தோணுச்சு. இறங்கி வந்து மறுபடி எழுத்துக்கூட்டினேன். "பாராட்டினார்கள், வெட்கமாகப் போய்விட்டது." அது அசட்டுத்தனமா? அது பெருமை. நாற்காலியில இருந்து விழுற ஜாதி நீ. உன்னை எவன் பாராட்டுவான்?

நம்ம சட்டம் தெரிஞ்ச ஆளு நம்ம கடிதத்தைப் படிச்சிருக்கணும். படிச்சும், தன்னைத் தாழ்த்தி ஒரு வரி எழுத மனசு வரலை பாரு. கடைசியில வேற, எல்லாம் நல்லதாம்.

உன்கிட்ட ஒண்ணு சொல்லாம விட்டுட்டேன். குடியிருப்புக்கு வர்ற தபால், போற தபால் எல்லாமே நல்லது சார் மேசை வழியாத்தான். கேட்டுக்குள்ளே தபால்காரரை விடறதில்லை. உன் உறை மேல பசை எப்பவும் ஈரமா இருக்கும். மழைன்னு நினைச்சேன். மழையே பெய்யலை.

இன்னொண்ணு. மருந்து டிரம் லாரியில வருது, நானே பார்த்திருக்கேன். ஆனா சாயங்காலம் அதே லாரி டிரம்மோட வெளியே போகுது. காலி டிரம் போகுதுன்னு நினைச்சு, அது போறப்போ டாட்டா எல்லாம் காட்டியிருக்கேன். நேத்து ஒண்ணை ஏத்த நாலு பேர் முக்கினாங்க.

இன்னைக்கு வராந்தா துடைக்கறப்போ அவர் என் பக்கத்துல வந்து நின்னார். "கொழுந்தன் சௌக்கியமா?"ன்னு கேட்டார். எனக்குக் கொழுந்தன் இருக்கான்னு அவர்கிட்ட நான் சொன்னதே இல்லை. "சௌக்கியம் சார்"னேன். "நல்லது"ன்னு சொல்லிட்டு, நான் துடைச்ச இடத்துலேயே மிதிச்சுக்கிட்டுப் போனார்.

வாலு இன்னும் ஆஸ்பத்திரியிலதான். யாரையும் அடையாளம் தெரியலையாம். நான் போய் நின்னு கோமாளித்தனமெல்லாம் பண்ணிப் பார்த்தேன். சிரிக்கலை.

இந்தக் கடிதம் உன் அண்ணனோட கூட்டாளி, பஸ் ஓட்டறவர், கையில வருது. பதிலும் அவர்கிட்டேயே குடு.

அண்ணி

*

ஜூலை 2, பஸ்காரர் கையில்

அண்ணி,

அசட்டுத்தனம்: சர்வருக்குத் தனி வழி வேண்டும் என்று ராப்பகலாக யோசித்தவன், என் கடிதம் எந்த வழியாகப் போகிறது என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. பெட்டிக்குப் பூட்டு மேல் பூட்டுப் போட்டுவிட்டு, அதைப் பற்றிய எல்லாவற்றையும் எழுதி அந்த நல்லது சார் மேசைக்கே அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன். இதற்குச் சிரிக்க வேண்டாம். எனக்கே வரவில்லை.

வெறும் வயரை நம்பி யாரோ ஆபீஸ் வலையிலிருந்து பெட்டியைத் தேடித் தேடித் தட்டியிருக்கிறார்கள். கிடைக்கவில்லை. இன்று சர்வரில் அவர் பெயரிலேயே நுழைந்து பழைய பதிவுகளை அழிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அழிக்க அழிக்க, கன்சோல் அதையும் எனக்குச் சொல்லிவிட்டது. அழித்தது, அழித்தவர் பெயர் எல்லாம் இப்போது என் கையில் இருக்கிறது. மேலதிகாரிகளிடம் காட்டினேன். இந்த முறை "பிறகு பார்ப்போம்" என்று யாரும் சொல்லவில்லை.

போலீஸையும் தண்ணீர் சோதிக்கிறவர்களையும் கூட்டிக்கொண்டு ஐந்தாம் தேதி நானே வருகிறேன். அதுவரைக்கும் அவருக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் டிரம்மை எல்லாம் ஏற்றிக்கொண்டு போய்விடுவார். மிச்சம் இருக்கும் டிரம் கிடைத்தால் அன்றே தண்ணீரில் மருந்து போட்டுவிடலாம். போய்விட்டால், அடுத்த சரக்கு வர எத்தனை நாள் ஆகும் என்று தெரியாது.

அண்ணி, அந்த அறைக்குள் போகாதீர்கள். அவரோடு தனியாக நிற்காதீர்கள். உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு வீட்டில் இருங்கள். நீங்கள் தைரியசாலி என்று எனக்குத் தெரியும். அதனால்தான் பயப்படுகிறேன்.

தம்பி

*

ஜூலை 5, பஸ்காரர் கையில்

தம்பி,

நீங்க வர்ற வண்டி பாலத்துக்கு அந்தப் பக்கம் நிக்குதுன்னு பஸ்காரர் சொன்னார். பாலத்துல ரிப்பேராம், ஒவ்வொரு பக்கமாத்தான் வண்டி விடறாங்களாம். அவர் திரும்பி அந்த வழியாத்தான் போறார். உன்னைக் கண்டா கையில குடுக்கச் சொல்லி அவசரமா எழுதறேன்.

நீ சொன்ன மாதிரி வீட்டிலதான் இருந்தேன். காலையிலேயே லாரி வந்துச்சு. எப்பவும் சாயங்காலம் வர்றது. ஜன்னல் வழியாப் பார்த்தேன், ஒரு டிரம் விடாம ஏத்தறாங்க. அவருக்கு யாரோ சொல்லிட்டாங்க போல. உன் ஆபீஸ்லயும் ஒரு நல்லது சார் இருப்பாரோ என்னவோ, பார்த்து நடந்துக்கோ.

கொஞ்ச நேரத்துல அவரே நம்ம வாசலுக்கு வந்துட்டார். கையில ஸ்க்ரூ டிரைவர் பை. "உடம்பு சரியில்லைன்னாங்களே?"

"இப்பப் பரவாயில்லை சார்."

"நல்லது. சர்வர் அறைச் சாவி உன்கிட்டத்தானே இருக்கு? வந்து திற."

முகத்துல ஒண்ணுமே இல்லை, தம்பி. மாட்டேன்னு சொன்னா என்ன ஆகும்னு அந்த முகத்துல எழுதியும் இல்லை. எழுதியிருந்தாக்கூடப் பரவாயில்லைன்னு இருந்துச்சு. நான் வாளியையும் துடைப்பத்தையும் எடுத்துக்கிட்டேன். "அது எதுக்கு?"ன்னார். "வெறும் கையோட போனா மத்தவங்க என்னன்னு கேப்பாங்க சார்"னேன். நல்லதுன்னார்.

வழியெல்லாம் அவர் எனக்குப் பின்னாலதான் நடந்து வந்தார். ஒரு தடவை நின்னேன். அவரும் நின்னார்.

அறைக்கு வெளியே இருக்கற தட்டுல போனை வெச்சார். அறைக்குள்ளே போன் கூடாதுங்கறது விதி, அதை மட்டும் மீற மாட்டார். நான் கதவைத் திறந்தேன். "நீ முதல்ல போ"ன்னார். நான் வாசல்லயே வாளியை இறக்கி வெச்சேன். "அந்தப் பெட்டியைக் கழட்டிக் குடு"ன்னார்.

"குழாய்க்குப் பின்னால இருக்கு சார், ஏணி போட்டு ஏறணும். என் முதுகு இன்னைக்கு ஏறாது"ன்னு அங்கேயே இடுப்பைப் பிடிச்சுக்கிட்டுக் குனிஞ்சேன். நடிப்புத்தான். கொஞ்சம் நிஜமும் உண்டு. என்னைத் தாண்டிக்கிட்டு அவரே உள்ளே போனார்.

அவர் அதைப் பிடுங்கியிருப்பார். உனக்குத் தெரிஞ்சிருக்கும். பிடுங்கட்டும், எல்லாம் உன்கிட்ட இருக்குன்னு எழுதியிருந்தியே.

இப்ப லாரி கேட்டுல நிக்குது. வெளியே போற சீட்டுல மேற்பார்வையாளர் கையெழுத்து இல்லாம விட மாட்டேன்னு உன் அண்ணன் குறுக்கே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கார். வயிறு நல்லாகி இன்னைக்குத்தான் முதல் டியூட்டி. லாரிக்காரர் கத்தறார். உன் அண்ணன், கையெழுத்து போடறவர் வரட்டும்ங்கறார். டிரம் எல்லாம் லாரியிலேயே இருக்கு, ஒண்ணும் போகலை. நாலு பேர் சேர்ந்து உன் அண்ணனைத் தூக்கி வெச்சுட்டுப் போக எவ்வளவு நேரம் ஆகும்னு தெரியலை. சீக்கிரம் வா.

ஆஸ்பத்திரியில இருந்து காலையில சேதி வரலை. வாலோட அம்மா போனை எடுக்க மாட்டேங்கறா.

முதல்ல எழுத வேண்டியதை எழுதலையேன்னு பதறியிருப்பே. இது நான்தான். அவசரத்துல விட்டுப்போச்சு. இப்ப எழுதிடறேன்.

அசட்டுத்தனம்: அவர் உள்ளே போனதும் கதவுக்கு ஆப்பு வெக்க மறந்துட்டேன். அது தானா மூடிக்கிச்சு. வெளியே வர்ற பொத்தான் இன்னும் ரிப்பேர் பண்ணலை, அவர்கிட்டத்தான் சொல்லியிருந்தேன். ரொம்ப நேரமாத் தட்டறார். தட்டுல அவர் போன் அடிச்சுக்கிட்டே இருக்கு, அடுத்தவங்க போனை எடுக்கறது தப்புன்னு எடுக்கலை. திறந்து விடலாம்னு இடுப்புல சாவியைத் தேடினேன். அது வாளிக்குள்ளே விழுந்திருக்கு போல. வாளித் தண்ணியை அதுக்கு முன்னாலேயே சாக்கடையில ஊத்திட்டேன்.

அண்ணி